கோரல்ட்ரா மேக்ரோ தப்பான பக்கத்தில் எழுதுகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அச்சகம் சின்னது. முன்னால் இரண்டு கம்ப்யூட்டர், பின்னால் ஒரு லேசர் பிரிண்டர், ஒரு கட்டிங் மெஷின். எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு விலைச்சீட்டு, காசிமேட்டு மீன் வியாபாரிகளுக்கு ரசீது புக், ராயபுரத்துக் கேரம் போட்டிக்கும் வியாசர்பாடி கால்பந்துப் போட்டிக்கும் சான்றிதழ். இதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு கால்பந்துப் போட்டிக்கு 132 சான்றிதழ் வந்தது. டிசைன் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். கையால் ஒவ்வொன்றாக மாற்றுவானேன் என்று, டிசைன் செய்யும் மென்பொருளான கோரல்ட்ராவில் ஒரு மேக்ரோவை (செய்த வேலையைத் தானாகத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) பதிவு செய்து, அதைச் சுற்றி ஒரு சுழற்சி (லூப்) போட்டு ஓட்டினேன். சத்தமில்லாமல் முடிந்தது. பிரிண்ட் கொடுத்தேன். முதல் தாளில் 132 பெயரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கரிக்கட்டை மாதிரி கிடந்தது. மற்ற 131 தாளிலும் பெயரே இல்லை. வாங்க வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, மொத்த டீமையும் ஒரே பேப்பர்ல நிக்க வச்சிட்ட?” என்றார்.

அன்றிலிருந்து இந்த வகைக் கோளாறுகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: திரையில் நாம் பார்க்கிற பக்கம் ஒன்று, மேக்ரோ எழுத வேண்டிய பக்கம் வேறொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தினால் வி.பி.ஏ. எடிட்டர் (மேக்ரோவின் கட்டளை வரிகளை எழுதும் இடம்) திறக்கும். அங்கே ஒரு பொருளின் பெயரைத் தட்டிப் புள்ளி வைத்தால் பட்டியல் விழும். எது எது என்று அதில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் விழுகிறது

எனக்கு நடந்தது இதுதான். புதிதாக மேக்ரோ எழுதுகிற எல்லோருக்கும் முதலில் நடப்பதும் இதுதான்.

மேக்ரோவைப் பதிவு செய்து பார்த்தால், உள்ளே “ஆக்டிவ்லேயர்”, அதாவது இப்போது நடப்பில் இருக்கும் அடுக்கு (லேயர்), என்றே எழுதியிருக்கும். ஆக்டிவ்லேயரில் ஒரு கட்டம் வரை, ஆக்டிவ்லேயரில் ஓர் எழுத்தை வை. பதிவு செய்யும்போது நீங்கள் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறீர்கள், அதனால் அது பொய் இல்லை. அதைச் சுற்றிச் சுழற்சி போடும்போதுதான் வினை. 1 முதல் 132 வரை எண்ணிக்கை ஓடுகிறது. ஆனால் கோரல்ட்ரா முதல் பக்கத்திலேயேதான் நிற்கிறது. எண்ணை ஏற்றினால் பக்கம் தானாகப் புரளாது.

தீர்வு இரண்டு உண்டு. சுழற்சிக்குள் முதல் வரியாக அந்தப் பக்கத்தின் ஆக்டிவேட் கட்டளையைப் போடலாம். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் திரை புரண்டு புரண்டு நிற்கும், மெதுவாகவும் இருக்கும். இன்னொரு வழி, ஆக்டிவ்லேயர் என்று வருகிற இடத்தில் எல்லாம் பக்கத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. இப்படி:

செட் டாக் = ஆக்டிவ்டாகுமென்ட்
செட் பக் = டாக்.பேஜஸ்(எண்)
செட் அடுக்கு = பக்.லேயர்ஸ்("பெயர் அடுக்கு")

இதற்கு அப்புறம் வருகிற எல்லா வரியும் அடுக்கு என்ற அந்த மாறியையே (வேரியபிள்) பிடித்துக்கொள்ள வேண்டும். அடுக்கின் பெயரை எடிட்டரில் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். காரணம் கடைசியில் வரும். ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து வைக்காமலேயே அதில் எழுதலாம், அழிக்கலாம், நிறம் மாற்றலாம். கோரல்ட்ரா தடுக்காது. பலருக்கு இது தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில்தான் வேலை நடக்கும் என்று நம்பிக்கொண்டு எல்லா இடத்திலும் ஆக்டிவேட் போட்டு வைத்திருப்பார்கள்.

சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மூன்று பக்கம் உள்ள ஒரு வெற்று ஃபைலை எடுங்கள். முதல் பக்கத்தில் நின்று ஒரு முறை ஓட்டுங்கள், அன்டூ செய்துவிட்டு மூன்றாவது பக்கத்தில் நின்று இன்னொரு முறை. இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் மேக்ரோ சரி. நீங்கள் நின்ற இடத்துக்குத் தகுந்த மாதிரி விடை மாறினால், உள்ளே எங்கேயோ ஒரு “ஆக்டிவ்” ஒளிந்திருக்கிறது. கண்ட்ரோல் எஃப் போட்டு அந்தச் சொல்லைத் தேடுங்கள். என் மேக்ரோக்களில் இப்போது அது பெரும்பாலும் தொடக்கத்தில் மட்டும்தான் வரும், டாகுமென்ட்டைப் பிடிப்பதற்காக.

முதல் ஆளின் பெயர் எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது, கடைசிப் பக்கத்தில் அது மட்டுமே

இது வேறு நோய். வேறு மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு அதிகம் வரும். எண்ணிக்கையை 0-இல் தொடங்கி, மொத்தத்தில் ஒன்று குறைவான எண்ணில் முடித்திருப்பார்கள். கோரல்ட்ராவில் பக்கங்கள் 1-இல் தொடங்குகின்றன. 0-ஆம் பக்கம் என்று கேட்டால் பிழை காட்டினாலாவது பரவாயில்லை. காட்டாது. அது மாஸ்டர் பேஜ். அங்கே எழுதியது எல்லாப் பக்கத்திலும் தெரியும். அதனால் முதல் பையனின் பெயர் மற்ற எல்லோருடைய சான்றிதழிலும் நிழல் மாதிரி நிற்கும், கடைசிப் பக்கத்தில் அந்த நிழலைத் தவிர வேறு பெயரே இருக்காது.

சுழற்சியை 1-இலிருந்து பேஜஸ்.கவுன்ட் வரை ஓட்டுங்கள். பெயர்ப் பட்டியல் ஓர் அரேயில் (எண்ணிட்ட வரிசை) இருந்து அது 0-இல் தொடங்கினால், பெயரை எடுக்கும் இடத்தில் மட்டும் ஒன்றைக் கழியுங்கள். பக்க எண்ணைத் தொடாதீர்கள்.

சுழற்சி சரியாக இருந்தும் இப்படி நடந்தால், பக்கங்களையும் அடுக்குகளையும் பட்டியலாகக் காட்டும் ஆப்ஜெக்ட் மேனேஜரை (புதிய பதிப்புகளில் ஆப்ஜெக்ட்ஸ்) திறந்து பாருங்கள். நடப்பு அடுக்கு மாஸ்டர் பேஜின் கீழே இருக்கும் அடுக்காக இருக்கலாம். யாரோ அதைக் கிளிக் செய்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த அடுக்கு கைடுஸ் அடுக்காக இருந்தால் இன்னும் கூத்து. நீங்கள் வரைந்ததெல்லாம் வழிகாட்டிக் கோடாக மாறிவிடும், திரையில் தெரியும், பிரிண்டில் வராது. வாடிக்கையாளர் வந்து கேட்கும்போதுதான் தெரியும்.

பக்கத்துக்கு வெளியே ஓரமாக இழுத்துப் போட்டு வைக்கிற மிச்சம் மீதிகளும் இதே ரகம். அவை டெஸ்க்டாப் அடுக்குக்குப் போய்விடும், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பக்கத்தில் நிற்கும். மேக்ரோ ஓட்டும் முன் அவற்றை வேறு ஃபைலுக்கு மாற்றிவிடுவது நல்லது. எங்கள் கடையில் பழைய லோகோ, போன வருட பேனர் என்று அந்த ஓரத்தில் ஒரு காயலான் கடையே இருக்கும்.

பெயரே காணோம், அல்லது எங்கேயோ பறந்து போய் நிற்கிறது

எஃப்4 அழுத்திப் பாருங்கள். எல்லாப் பொருளும் திரைக்குள் வரும்படி பார்வை விரியும். உங்கள் சான்றிதழ் ஒரு அரிசி மணி அளவுக்குச் சுருங்கி, தூரத்தில் ஒரு புள்ளியாகப் பெயர் தெரிந்தால், அளவு அலகுதான் காரணம்.

ரூலரில் மில்லிமீட்டர் என்று இருந்தாலும் மேக்ரோவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது அங்குலத்தில்தான் கணக்குப் போடும். குறுக்காக வைத்த ஏ4 தாளின் நடு 148.5 மில்லிமீட்டர். அதையே அங்குலமாக எடுத்தால் 12 அடி 4.5 அங்குலம். கோரல்ட்ராவில் பக்கத்தை 150 அடி வரை நீட்டலாம், ஃப்ளெக்ஸ் பேனர்க்காரர்களுக்குத் தெரியும். எனவே 12 அடி தள்ளி எழுதச் சொன்னால் அது முணுமுணுக்காமல் எழுதிவிடும். டாகுமென்ட்டின் யூனிட் பண்பை சிடிஆர்மில்லிமீட்டர் என்று மேக்ரோவின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ரூலர் இதனால் மாறாது.

பதிவு செய்த மேக்ரோவில் உள்ள எண்கள் எல்லாம் அங்குலம் என்பதையும் மறக்காதீர்கள். யூனிட்டை மாற்றிவிட்டுப் பழைய எண்களை அப்படியே விட்டால், இப்போது எல்லாம் ஒரு மூலையில் கடுகு அளவுக்குக் குவியும்.

சிறிது மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் ரெஃபரன்ஸ்பாயின்ட்டைப் பாருங்கள். பொருளின் எந்த மூலையை வைத்து இடம் சொல்கிறோம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நடுவில் வைக்க வேண்டிய பெயருக்கு அதை சிடிஆர்சென்டர் என்று வைக்காவிட்டால், “முரு” சரியாக நிற்பது போலத் தோன்றும், “பாலசுப்பிரமணியன்” ஓரத்தை முட்டும்.

ஒரே ஃபைலில் வெவ்வேறு அளவுப் பக்கங்கள் இருந்தால் ஒரு எண் எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையைக் குறிக்கும் என்று நம்ப வேண்டாம். சான்றிதழும் பதக்கத்தில் கட்டும் சின்னச் சீட்டும் ஒரே ஃபைலில் இருந்தபோது நான் பட்டது போதும். அந்தந்தப் பக்கத்திடமே அதன் இடது ஓரம் எங்கே, கீழ் ஓரம் எங்கே என்று கேட்டு, அங்கிருந்து தூரத்தைக் கூட்டுங்கள். லெஃப்ட்எக்ஸ், பாட்டம்ஒய் என்று பக்கத்துக்கே பண்புகள் இருக்கின்றன. அதைவிடச் சுலபம், அளவுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிடுவது. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

பக்கங்கள் சரி, ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்ப எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை

மேலே ஆக்டிவேட்டைத் திட்டினேன். இங்கே அது வேண்டும். படமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லை சிடிஆர்கரன்ட்பேஜ் என்று இருந்தால், அது திரையில் நிற்கிற பக்கத்தைத்தான் எடுக்கும். உங்கள் மாறியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஃபைல் பெயர்கள் மட்டும் 1, 2, 3 என்று அழகாக மாறியிருக்கும், உள்ளே எல்லாம் முதல் ஆள். ஆகவே எக்ஸ்போர்ட் வரிக்கு நேர் மேலே, அந்தப் பக்கத்தை ஆக்டிவேட் செய்யுங்கள்.

பி.டி.எஃப்.புக்கு ஆக்டிவேட் வேண்டியதில்லை. அதற்கு பப்ளிஷ்ரேஞ்ச் என்று ஒரு அமைப்பு உண்டு: முழு டாகுமென்ட், நடப்புப் பக்கம், தேர்ந்தெடுத்தது, பக்க எண்கள். எண்களைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் வைக்க வேண்டும், ரேஞ்ச் வகையையும், “5-5” மாதிரி எண் சரத்தையும். எண்ணை மட்டும் வைத்துவிட்டு வகையை வைக்காமல் போனால், முன்னால் யாரோ வைத்த அமைப்பே நடக்கும். எந்த அமைப்பையும் “ஏற்கெனவே இருக்கும்” என்று விடாமல் மேக்ரோவிலேயே எழுதிவிடுங்கள்.

தேர்ந்தெடுத்தது பாதியில் காணாமல் போகிறது

முதல் பக்கத்தில் ஒரு முத்திரையைத் தேர்ந்தெடுத்து மற்ற பக்கங்களில் ஒட்டப் பார்ப்பீர்கள். இரண்டாவது பக்கத்துக்குப் போனதும் கை வெறுங்கை. ஆக்டிவ்செலெக்ஷன் என்பது அந்த நேரத்தில் எது தேர்வில் இருக்கிறதோ அதைக் காட்டுகிற ஜன்னல். தேர்வு மாறினால் ஜன்னலில் தெரிவதும் மாறும். ஆக்டிவ்செலெக்ஷன்ரேஞ்ச் அப்படி இல்லை. கேட்ட நேரத்தில் இருந்தவற்றின் பட்டியல் அது, பின்னால் தேர்வு மாறினாலும் அந்தப் பட்டியல் மாறாது. ஆகவே தொடக்கத்திலேயே ரேஞ்சை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு காப்பிடுலேயர் கட்டளையால் ஒவ்வொரு பக்கத்தின் அடுக்குக்கும் நேராக நகல் எடுங்கள். கிளிப்போர்டே வேண்டாம். நடுவில் நீங்கள் வேறு எதையாவது காப்பி செய்து தொலைத்தால் அது 132 சான்றிதழிலும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

பிழைப் பெட்டி வந்து நிற்கிறது

91 என்ற எண் வந்தால், நீங்கள் பிடித்த மாறியில் ஒன்றுமே இல்லை. பெரும்பாலும் ஃபைல் எதுவும் திறக்காமல் ஓட்டியிருப்பீர்கள். முதல் வரியில் டாகுமென்ட்ஸ்.கவுன்ட் பூஜ்யமா என்று பார்த்து வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.

அடுக்கின் பெயரைச் சொன்ன வரியில் நின்றால், அந்தப் பெயரில் அந்தப் பக்கத்தில் அடுக்கு இல்லை என்று அர்த்தம். அடுக்குகள் பக்கத்துக்குப் பக்கம் தனி. முதல் பக்கத்தில் நீங்கள் வைத்த பெயர் ஏழாம் பக்கத்திலும் இருக்கும் என்பது உறுதி இல்லை. தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் கிரியேட்லேயர் கொண்டு உண்டாக்குகிற ஒரு சின்னச் சார்பை (ஃபங்ஷன்) எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு இருந்தும் எழுத மறுத்தால் பூட்டு போட்டிருக்கும். எடிட்டபிள் என்ற பண்பை ட்ரூ ஆக்கினால் திறந்துவிடும்.

மேக்ரோ நடுவில் இன்னொரு ஃபைலைத் திறந்தால், அந்த நொடியிலிருந்து ஆக்டிவ்டாகுமென்ட் என்பது புது ஃபைல். லோகோ எடுக்கத் திறந்த ஃபைலில் போய்ச் சான்றிதழ்ப் பெயர்களை எழுதி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. டாகுமென்ட்டை முதல் வரியில் மாறியில் பிடிக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

காலிப் பக்கங்களை அழித்தால் பாதி அழிகிறது, பாதி நிற்கிறது

முன்னிருந்து பின்னாகப் போகிறீர்கள். ஐந்தாம் பக்கத்தை அழித்ததும் ஆறு ஐந்தாகிவிடுகிறது, நீங்கள் ஆறுக்குப் போகிறீர்கள், ஒன்று தப்பித்துவிடுகிறது. கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். முடிந்தது.

திரை உறைந்துவிட்டது, பக்கம் மாற்றினாலும் படம் மாறவில்லை

வேகத்துக்காக, திரையை மறுபடி வரைவதை நிறுத்தி வைக்கும் ஆப்டிமைசேஷனை ட்ரூ ஆக்கியிருப்பீர்கள். நடுவில் பிழை வந்து மேக்ரோ நின்றதால் அதை ஃபால்ஸ் ஆக்கும் வரிக்கு வரவே இல்லை. கம்ப்யூட்டரை அணைக்க ஓடாதீர்கள். எடிட்டரில் கண்ட்ரோல் ஜி அழுத்தி, கீழே திறக்கும் ஜன்னலில் ஆப்டிமைசேஷன் = ஃபால்ஸ் என்று தட்டி என்டர், அடுத்து ஆக்டிவ்விண்டோ.ரெஃப்ரெஷ். உயிர் வந்துவிடும். இனிமேல் அந்த இரண்டு வரியையும் பிழை வந்தால் போய் நிற்கிற இடத்தில் வையுங்கள். பிகின்கமாண்ட்குரூப் போட்டிருந்தால் அதை முடிக்கும் வரியும் அங்கேயே. அந்தக் குரூப் இருந்தால் 132 பக்க வேலையையும் ஒரே அன்டூவில் திரும்ப வாங்கலாம்.

நேற்றுச் சரியாக ஓடியது, இன்று ஆள் மாறிப் போகிறது

யாரோ முன்னால் ஒரு அட்டைப் பக்கம் சேர்த்திருப்பார்கள். நேற்றைய ஏழாம் பக்கம் இன்று எட்டாம் பக்கம். எண்ணை மட்டும் நம்பினால் திருத்த வேலைகளில் இப்படித்தான் சறுக்கும். முதல் முறை ஓட்டும்போதே ஒவ்வொரு பக்கத்தின் நேம் பண்பிலும் வீரரின் வரிசை எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் திருத்தம் வந்தால், பக்கங்களைச் சுற்றி வந்து பெயர் பொருந்துகிற பக்கத்தைப் பிடியுங்கள். பக்கங்களை எப்படி இழுத்து மாற்றினாலும் பெயர் கூடவே வரும். போட்டி முடிகிற அன்று இரவு பத்து மணிக்கு, “அண்ணே, 46-ஆம் பையன் இனிஷியல் தப்பு” என்று ஃபோன் வரும்போது இதன் அருமை தெரியும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றன

இது பக்கக் கோளாறு இல்லை. ஆனால் நம்மூரில் இந்த வேலையைச் செய்கிறவர் இதைத் தாண்டாமல் போக முடியாது.

வி.பி.ஏ. எடிட்டருக்கு யூனிகோடு எழுத்துகள் தெரியாது. அதில் தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். அதனால்தான் அடுக்குக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கச் சொன்னேன். பெயர்களை மேக்ரோவுக்குள் எழுதாமல், நோட்பேடில் யு.டி.எஃப்.-8 ஆகச் சேமித்து, அங்கிருந்து படிக்க வேண்டும். அதையும் வி.பி.ஏ.வின் சாதாரண ஓப்பன் கட்டளையால் படித்தால் குப்பைதான் வரும். ஏ.டி.ஓ.டி.பி. ஸ்ட்ரீம் என்ற பொருளைப் பயன்படுத்தி, அதன் சார்செட்டை யு.டி.எஃப்.-8 என்று வைத்துப் படித்தால் எழுத்து முழுசாக வரும். ஓரிரு எழுத்துதான் தேவை என்றால் சி.ஹெச்.ஆர்.டபிள்யூ என்ற சார்புக்கு எண் கொடுக்கலாம். அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965.

பழைய ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் தமிழைத் தேடி மாற்றுவது வேறு கதை. நம் அச்சகங்களில் பாதி ஃபைல்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில விசை எழுத்துகள். யூனிகோடில் “முருகன்” என்று தேடினால் எந்தப் பக்கத்திலும் கிடைக்க மாட்டார். எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், அதைத்தான் தேட வேண்டும். நான் பெயர் வர வேண்டிய எழுத்துப் பெட்டிக்கு ஆப்ஜெக்ட் மேனேஜரில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்துவிடுகிறேன், அந்தப் பெயரை ஃபைண்ட்ஷேப் கொண்டு அந்தந்தப் பக்கத்தின் ஷேப்ஸுக்குள் தேடுகிறேன். உள்ளே பாமினியா யூனிகோடா என்ற பேச்சே எழாது.

வாட்ஸ்அப்பில் வருகிற பெயர்ப் பட்டியலின் நடுவிலும் கடைசியிலும் காலி வரிகள் இருக்கும், அவற்றையும் முதலில் நீக்கிவிடுங்கள். போன தடவை அப்படி ஒரு காலி வரியால் ஒரு கோல்கீப்பருக்குப் பெயரில்லாத சான்றிதழ் போனது. பையன் பேனாவில் எழுதிக்கொண்டுவிட்டானாம்.